ஒரு மணி ஒரு நிமிடம்

மனித குலத்தின் துன்பங்களில் பாதி, எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று தெரியாததால் வந்தவை. மீதிப் பாதி, தெரிந்துகொண்டு கிளம்பியதால் வந்தவை. இரண்டையும் ஒருசேர ஒழித்த பெருமை எங்கள் நிறுவனத்தையே சேரும். எங்களிடம் வருகிறவருக்குத் தூரம் தெரிந்துவிடும், கிளம்பவும் மாட்டார்.

நாங்கள் ஓர் இணையதளம் நடத்துகிறோம். சிறிய விமான நிலையங்களில் எந்த இரண்டை எடுத்துக்கொண்டாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறந்தால் எவ்வளவு நேரம் என்று சொல்ல எங்களிடம் ஒரு பக்கம் உண்டு. பெரிய நகரங்களைக் கவனிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு கடைக்கோடி ஊரிலிருந்து இன்னொரு கடைக்கோடி ஊருக்குப் போக நினைப்பவனுக்கு யார் இருக்கிறார்கள்? நாங்கள் இருக்கிறோம். "அந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல பிளேன் ஓடுதா?" என்று சில அவசரக்காரர்கள் கேட்பார்கள். அது விமானப் பிரிவின் கேள்வி. அந்தப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை.

நான் தொலைவு, நேரப் பிரிவின் "முதுநிலை அலுவலர்". பிரிவில் மொத்தம் மூன்று பேர். தலைவர் ஒருவர், தாடையைத் தடவிக்கொண்டே யோசிப்பதால், அவர் முடிவெடுத்துவிட்டாரா, முகம் மழித்தது சரியில்லை என்று நினைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. இன்னொருவர் காற்றக்கா. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "காற்றின் திசையைப் பொறுத்து நேரம் மாறலாம்" என்ற வரியைச் சேர்ப்பது அவருடைய பொறுப்பு. பதினாலாயிரம் பக்கங்களுக்குச் சேர்த்திருக்கிறார். அதனால் அந்தப் பெயர். உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, யாரும் பார்த்ததில்லை.

எங்கள் சூத்திரத்தை இங்கே வெளியிடுவதில் எனக்குத் தயக்கமில்லை. வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டை மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் வேகத்தால் வகுக்க வேண்டும். கிளம்புவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து முப்பது நிமிடம் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். மலை, ஆறு, மழை, மனித சுபாவம் எதுவும் குறுக்கே வராது.

இந்தச் சூத்திரத்தின் அழகை நான் முழுமையாக உணர்ந்தது, என் மனைவிக்கு மாற்றல் வந்தபோதுதான்.

அவள் கால்நடை மருத்துவர். பதினோரு மாதங்களுக்கு முன் அவளை ஒரு தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். வேறு கணவனாக இருந்தால் கண்கலங்கியிருப்பான், புடவை வாங்கிக் கொடுத்திருப்பான். நான் அந்த ஊருக்கென்று ஒரு பக்கமே எழுதிக் கொடுத்தேன். தூரம் நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். பறக்கும் நேரம் ஒரு மணி ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை அமுக்கிவிட்டு "ஒரு மணி" என்று போட்டிருக்கலாம். போடவில்லை. எங்கள் நேர்மை முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. பக்கத்தை அச்செடுத்து அவள் பெட்டியின் மேல் வைத்தேன்.

"இது என்ன?" என்றாள்.

"நமக்கு நடுவுல அவ்வளவுதான். ஒரு மணி ஒரு நிமிஷம். நீ ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கிற நேரம்."

அவள் அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். போய்ச் சேர்ந்த வாரமே, தனக்கு விமான நிலையத்திலேயே வேலை என்று தொலைபேசியில் சொன்னாள். என் மகிழ்ச்சியைக் கேட்க வேண்டுமா? விமானத்திலிருந்து இறங்கியதும் எதிரே மனைவி. ஆட்டோகூடத் தேவையில்லை. இப்படி ஒரு வசதி எந்தக் கணவனுக்குக் கிடைத்திருக்கிறது?

ஒரே ஒரு சின்ன விஷயம். விமானம் ஓடவில்லை. ஒவ்வொரு மாதமும் விசாரித்தேன். ஓடினால் போய்விடலாம் என்று துணிமணிகூட எடுத்து வைத்திருந்தேன். ஒரு மணி ஒரு நிமிடத்தில் போகக்கூடிய ஊருக்கு, ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி ஏறிப் போவது ஒரு முதுநிலை அலுவலருக்கு அழகா? ரயிலிலும் பஸ்ஸிலும் எவ்வளவு நேரமாகும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேள்விக்குப் பதில்தான் என்னிடம் ஏற்கெனவே இருந்ததே.

அவள் வந்தாள். முதல் நான்கு மாதத்தில் மூன்று தடவை. கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, வெந்நீர் வைத்து, வீங்கிய பாதத்தை வாளியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். நான் அந்த மாதம் எழுதிய புதிய பக்கங்களை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவாள். அதன் பிறகு வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று பெருந்தன்மையுடன் எடுத்துக்கொண்டேன்.

இப்படி எங்கள் இல்லறம் துல்லியமாக நடந்துகொண்டிருக்கையில், ஒரு திங்கட்கிழமை மாலை அவளிடமிருந்து அழைப்பு.

"அடுத்த திங்கக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள். "இங்கயே நிரந்தரமா இருக்கேனா, இல்ல அங்கயே திரும்பி வரேனான்னு. ஒரு தடவ எழுதிக் கொடுத்துட்டா மாத்த முடியாது."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? திரும்பி வர்றேன்னு எழுது."

"யோசிக்க இருக்கு. இங்க எனக்கு வேலை பிடிச்சிருக்கு. ஆனா நீங்க அங்க இருக்கீங்க. ஒரு தடவ வந்து பாருங்க. பாத்துட்டு, உக்காந்து பேசி, ரெண்டு பேருமா முடிவு பண்ணலாம்."

"பிளேன் இல்லையேம்மா."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்தியது.

"வரலைன்னா நானா ஒரு முடிவு எழுதிடுவேன்" என்றாள். "அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

என்னதான் முதுநிலை அலுவலர் என்றாலும் அந்தக் குரலைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மறுநாளே வெள்ளி, திங்கள் இரண்டு நாள் விடுப்பு கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

"எந்த ஊருக்கு?"

சொன்னேன். அவர் கணினியில் பக்கத்தைத் திறந்தார்.

"நம்ம பக்கம் ஒரு மணி ஒரு நிமிஷம்னு சொல்லுதே. போக ஒரு மணி ஒரு நிமிஷம், வர ஒரு மணி ஒரு நிமிஷம். ரெண்டு மணி ரெண்டு நிமிஷம் 'பர்மிஷன்' தர்றேன். ரெண்டு நாள் எதுக்கு?"

"பிளேன் இல்ல சார்."

"அது விமானப் பிரிவு பாக்க வேண்டிய விஷயம். இந்தப் பக்கத்த எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"நீங்களே எழுதின பக்கத்த நீங்களே நம்பலைன்னா, வாசகர் எப்படி நம்புவார்? இன்னைக்கு உங்களுக்கு ரெண்டு நாள் குடுத்தா, நாளைக்குப் பதினாலாயிரம் பக்கமும் கேள்விக்குறியாயிடும்." குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. அந்தப் பக்கத்தப் பத்தி வாசகர் யாராவது புகார் குடுத்தா, கூட்டம் போட்டு, நேரத்தத் திருத்தலாம். திருத்தின நேரத்துக்குத் தக்க லீவு. ஊழியர் புகார் குடுக்கக் கூடாது. வாசகர்தான் குடுக்கணும்."

இவ்வளவு நியாயமான ஒரு மனிதரிடம் வேலை பார்க்கிறோமே என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. அன்று மாலையே மனைவியை அழைத்து, பக்கத்தின் அடியில் உள்ள புகார்ப் பெட்டியில் 'நேரம் தவறு' என்று இரண்டு வார்த்தை எழுதச் சொன்னேன்.

"எழுதறேன்" என்றாள். "ரெண்டு வார்த்தை போதுமா?"

"தாராளம்."

புதன்கிழமை காலை புகார் வந்தது. இரண்டு வார்த்தையில் இல்லை. உடனே கூட்டம் கூட்டப்பட்டது. எங்கள் கூட்டங்கள் நீள்வட்ட மேசையில் நடக்கும். மூன்று பேர் என்பதால் ஒருவரை ஒருவர் பார்க்கக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். தலைவர் புகாரை உரக்கப் படித்தார்.

"ஐயா, உங்கள் பக்கத்தில் இந்த ஊருக்கு ஒரு மணி ஒரு நிமிடம் என்று போட்டிருக்கிறீர்கள். அதை நம்பி, வர வேண்டிய ஒருவருக்காக நான் இங்கே காத்திருக்கிறேன். பதினோரு மாதமாகிறது. இன்னும் வந்து சேரவில்லை. பக்கம் தவறா, ஆள் தவறா என்று தயவுசெய்து தெரிவிக்கவும். இப்படிக்கு, ஒரு வாசகி."

நான் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினேன்.

"பதினோரு மாசமா?" என்றார் தலைவர். "அவ்வளவு நாளா அந்தாளு மேலயே சுத்திக்கிட்டு இருக்காரா?"

"கீழதான் இருப்பார் சார்" என்றார் காற்றக்கா.

"கீழ இருந்தா அது நம்ம பிரச்சினை இல்ல. நம்ம நேரம் கிளம்பினதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. அவர் கிளம்பினாரா இல்லையான்னு புகார்ல இருக்கா?"

"இல்ல சார்" என்றேன்.

"அப்ப புகார் 'முழுமையற்றது'. கிளம்பாத ஆளுக்கு நேரம் போடற வசதி நம்ம சூத்திரத்துல கிடையாது." தாடையைத் தடவினார். "ஆனாலும் வாசகி மனசு நோகக் கூடாது. ஏக்கா, காத்து இவ்வளவு தாமதம் பண்ணுமா?"

காற்றக்கா என்னை எட்டிப் பார்த்தார். மேசையின் நீளம் முழுவதும் அந்தப் பார்வை வந்தது.

"எதிர்க்காத்தா இருந்தா பண்ணலாம் சார். சில காத்து அசையவே விடாது."

"அத எழுதி அனுப்பிடுங்க" என்று தலைவர் என்னிடம் சொன்னார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதற்கு ஆதரவாக நானும் கை தூக்கினேன் என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

ஆக, என் மனைவிக்கு நான் எழுதிய அலுவலகக் கடிதம் இதுதான்: "மதிப்பிற்குரிய வாசகி அவர்களுக்கு, தங்கள் பொறுமைக்கு நன்றி. காற்றின் திசையைப் பொறுத்துப் பயண நேரத்தில் சிறு மாறுதல் ஏற்படலாம். தொடர்ந்து எங்கள் பக்கத்தைப் பார்வையிடுங்கள்."

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "நன்றி. காற்று திரும்பியதும் சொல்லுங்கள். திங்கட்கிழமை வரை இருப்பேன்."

வெள்ளிக்கிழமை மாலை, கணினியை அணைத்துவிட்டுப் பையை எடுக்கும்போது, காற்றக்கா என் மேசை அருகே வந்து நின்றார்.

"தம்பி, லீவு கிடைக்கலைன்னு மூணு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்களே. நாளைக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமை."

"நாளைக்கு ஆபீஸ் உண்டா?"

"இல்ல."

"நாளன்னைக்கு?"

"இல்ல."

"அப்ப எதுக்கு லீவு?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு வேறு கடமைகள் உண்டு என்று சொல்ல நினைத்தேன். சனிக்கிழமை துணி துவைப்பது. ஞாயிற்றுக்கிழமை அது காய்வதைப் பார்ப்பது.

"ரயில்ல, பஸ்ல எவ்வளவு நேரமாகும்?" என்றார் அக்கா.

"தெரியாது."

"அந்தப் பொண்ணு மூணு தடவ வந்துச்சே. எவ்வளவு நேரமாச்சுன்னு அதக் கேக்கலையா?"

"கேக்கல."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பதினாலாயிரம் பக்கத்துக்குக் காத்து எழுதியிருக்கேன் தம்பி. இப்படி ஒரு காத்த எங்கயும் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் போய்விட்டார். நான் இன்னும் உள்ளே இருந்தேன்.

சனிக்கிழமை காலை ஐந்து மணி ரயிலில் ஏறினேன். நேர்கோட்டில் போகாத ரயில் அது. ஒவ்வொரு குன்றையும் சுற்றி, ஒவ்வொரு ஊரிலும் நின்று விசாரித்துவிட்டுப் போயிற்று. பிறகு ஒரு பஸ். அதன் பிறகு, பஸ் என்று பெயர் வைத்த இன்னொன்று. அதில் என் பக்கத்தில் ஒருவர் மடியில் சேவலுடன் உட்கார்ந்திருந்தார். சேவல் தலையைத் தொங்கவிட்டிருந்தது.

"எங்க போறீங்க?" என்றார்.

"ஏர்போர்ட்டுக்கு."

"அடடா. என்ன உடம்புக்கு?"

"யாருக்கு?"

"உங்க மாட்டுக்கு. மாடா, ஆடா?"

"எனக்கு மாடு கிடையாதுங்க. ஏர்போர்ட்டுக்குப் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாடும் இல்ல, ஆடும் இல்ல. அப்புறம் ஏர்போர்ட்ல என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு, சேவலைக் கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்த்திப் பிடித்துக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு இறங்கினோம். என் பக்கத்தில் நான் "விமான நிலையம்" என்று எழுதியிருந்த இடம் எதிரே நின்றது. கட்டடம் இருந்தது. கண்ணாடிக் கதவு இருந்தது. ஓடுபாதையும் இருந்தது, அதில் பத்துப் பதினைந்து எருமைகள், புறப்பட அனுமதி கிடைக்காதவை போல வரிசையாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தன. வாசலில் பலகை: "அரசு கால்நடை மருத்துவமனை". கடைசி விமானம் வந்து ஒன்பது வருடமாகிறது என்றும், சும்மா கிடந்த கட்டடத்தை மாட்டாஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சேவல்காரர் சொன்னார்.

உள்ளே பெட்டிகளை எடைபோடும் இயந்திரத்தின் மேல் ஓர் ஆடு நின்றது. இருபத்து மூன்று கிலோ. பெட்டிகள் சுற்றி வரும் பட்டையின் மேல் வைக்கோல் கட்டுகள். "புறப்பாடு" என்று எழுதிய கதவு வழியாக, காலில் கட்டுப் போட்ட கன்று ஒன்று போய்க்கொண்டிருந்தது. "வருகை" என்ற கதவுக்கு அருகே ஒரு கரும்பலகை. அன்றைய நோயாளிகளைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். "எருமை: மடி வீக்கம். ஆடு: வயிறு உப்பல். நாய்: காது." எல்லாவற்றுக்கும் மேலே, அழிக்காமல் விட்டதில் பழுப்பேறிப்போன ஒரு வரி: "வீட்டுக்காரர்: தாமதம்."

விசாரணை ஜன்னலின் கண்ணாடியில் நான் அச்செடுத்துக் கொடுத்த பக்கம் ஒட்டியிருந்தது. நான்கு மடிப்பும் அப்படியே தெரிந்தன.

என் மனைவி ஒரு பசுவின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை.

"வந்தாச்சா? அந்த ஓரமா நில்லுங்க. உதைக்கும்" என்றாள்.

"டாக்டரம்மா, இவரு யாரு? மாட்டையும் காணோம்" என்றார் ஆட்டுக்காரம்மா.

"எங்க வீட்டுக்காரர்."

"நெசமாவே இருக்காரா! நாங்க நீங்க சும்மா சொல்றீங்கன்னுல்ல நெனச்சோம்."

சுற்றியிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆடும் பார்த்தது. மனைவி பசுவின் தொண்டையிலிருந்து ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் பையை இழுத்தெடுத்தாள். பசு ஒரு பெருமூச்சு விட்டது. அதன் சொந்தக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தில் அவள் முகம் இருந்த மாதிரி, எங்கள் வீட்டு வாளி முன்னால் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்போது புரிந்தது, யோசிக்க என்ன இருக்கிறது என்று.

கை கழுவிக்கொண்டு வந்து, நான் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே உட்கார்ந்தாள். பயணிகள் நாற்காலி. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு நாற்காலி காலி.

"எவ்வளவு நேரமாச்சு?" என்றாள்.

"பதினோரு மணி நேரம்."

"ம். எனக்கும் அவ்வளவுதான் ஆச்சு. மூணு தடவ. மூணு தடவையும், கதவத் திறந்ததும் நீங்க இந்தக் கேள்விய கேப்பீங்கன்னு பாத்தேன். பக்கத்தப் படிச்சுக் காட்டினீங்க."

"நீ ஏர்போர்ட்னதும் நான்..."

"மாட்டாஸ்பத்திரின்னு சொல்ல வந்தேன். ஏர்போர்ட்லன்னு சொன்னதும் நீங்க மேல பேச விடல. எவ்வளவு வசதின்னு ஆரம்பிச்சுட்டீங்க."

கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "இங்கேயே பணிபுரிய விருப்பம்" என்ற கட்டத்தில் பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது: "கணவர் அல்லது மனைவி இருக்கும் இடத்துக்கான தொலைவு."

"இது ஒண்ணுதான் பாக்கி" என்றாள். "தொலைவுப் பிரிவு நீங்கதானே. என்ன போடட்டும்?"

"நானூத்திப் பன்னெண்டு."

"அது ஊருக்கும் ஊருக்கும். இங்க கேக்கறது வேற."

பதினாலாயிரம் பக்கம் எழுதிய முதுநிலை அலுவலர், ஒரு வரி எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆட்டுக்காரம்மா எனக்காக ரொம்ப வருத்தப்பட்டதுபோல் தெரிந்தது.

"நான் இங்கயே வந்துடறேன்" என்றேன் கடைசியில். "என் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும். எங்க உக்காந்தும் செய்யலாம்."

"ஆமா, எந்த ஊருக்கும் போகாத வேலைதானே. எப்ப வருவீங்க?"

"சீக்கிரமா."

"மணிக்கணக்குல சொல்லுங்க."

காலியாக இருந்த நடு நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். "வந்தாச்சு. திங்கக்கிழமை காலைல இங்கருந்தே ஆபீசுக்கு எழுதிப் போட்டுடறேன்."

"உங்க தலைவர் ஒத்துக்குவாரா?"

"வாசகர் புகார் இருந்தா ஒத்துக்குவார்."

"அத நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தாள். பதினோரு மாதத்தில் முதல் முறையாக அந்தச் சிரிப்பை நேரில் பார்த்தேன். அது தொலைபேசியில் வருவதைவிட அகலமானது. அவள் பென்சில் கோட்டின் மேலேயே பேனாவால் அழுத்திப் போட்டாள். தொலைவு என்ற இடத்தில், என் தோள் அவள் தோளில் படுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, "இல்லை" என்று எழுதினாள். எழுந்து போய்க் கரும்பலகையில் "தாமதம்" என்பதை அழித்து "வந்து சேர்ந்தார்" என்று போட்டாள்.

ஆட்டுக்காரம்மா கை தட்டினார். சேவல்காரர் அடுத்து தன் முறை என்று ஞாபகப்படுத்தினார்.

எனக்கு என் நிறுவனத்தின் நினைவு வந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கத்தைக் காட்டி, "பாவம், அதுல ஒண்ணுமே சரியில்ல. மொத்தமா கிழிச்சிடு" என்றேன்.

"எதுக்கு? கிலோமீட்டர் சரிதான். வேகம் சரிதான். காத்துன்னு அந்தக்கா எழுதினதும் சரிதான்." அவள் பேனாவுடன் ஜன்னலுக்கு அருகே போய், ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். "ஒரே ஒரு இடந்தான் தப்பு. கிளம்பறதுக்கும் இறங்கறதுக்கும் சேத்து முப்பது நிமிஷம்னு போட்டிருக்கீங்க பாருங்க..."

அதை அடித்துவிட்டு, மேலே தெளிவான கையெழுத்தில் எழுதினாள்:

"கிளம்புவதற்கு: பதினோரு மாதம்."